தத்துவத்தில் ஹானர்ஸ்: அமெரிக்கக் கல்லூரியில் முதல் வருஷம் நுழைகிறவருக்கு

"தத்துவம் படிச்சு என்ன பண்ணப் போற?" என்ற கேள்விக்கு இதில் பதில் கிடையாது. வீட்டில் அந்தச் சண்டை முடிந்துவிட்டது, அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து, தத்துவத்தை மேஜராக, அதாவது முக்கியப் பாடமாக, எடுத்தாயிற்று. பட்டத்தோடு ஹானர்ஸும் வாங்க வேண்டும் என்று ஆசை, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அப்படிப்பட்டவருக்காக எழுதுகிறேன். நான் அங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து தீசிஸ் (கடைசி வருஷத்து நீண்ட ஆய்வுரை) எழுதியவன். பிறகு மேல்படிப்பின்போது இளங்கலை மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன். நானே செய்த தப்புகளும் திருத்திய தப்புகளும் கைவசம் நிறைய இருக்கின்றன.

முதலில், எந்த ஹானர்ஸ்?

தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் என்றால் அது படிப்பின் பெயர். சேரும்போதே அதில்தான் சேர்கிறோம். இங்கிலாந்தில் ஃபர்ஸ்ட், டூ-ஒன் என்று பட்டத்தையே வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள். அமெரிக்காவில் ஹானர்ஸ் என்பது பட்டத்துக்கு மேலே தனியாகச் சம்பாதிக்க வேண்டிய ஒன்று. அதிலும் பல வகை உண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, லத்தீன் பெயரில் வருவது. கம் லாடே, அதற்கு மேல் மாக்னா கம் லாடே, எல்லாவற்றுக்கும் மேல் சும்மா கம் லாடே. (நம் காதில் எப்படி விழுந்தாலும், இது சும்மா கிடைப்பதில்லை.) பல இடங்களில் இது முழுக்க ஜி.பி.ஏ. (எல்லாப் பாடங்களின் மார்க் சராசரி) கணக்கு. சில கல்லூரிகள் 3.5, 3.7, 3.9 மாதிரி நிலையான கோடு போட்டிருக்கும். சில கல்லூரிகள் அந்த வருஷத்து மாணவர்களில் மேலே இருக்கும் இத்தனை சதவீதம் என்று வைத்திருக்கும்.

இரண்டாவது, துறை தரும் ஹானர்ஸ். தத்துவத் துறையே, "இவர் தத்துவத்தில் ஹானர்ஸ் பெற்றவர்" என்று எழுதித் தருவது. இதற்கு மேஜர் பாடங்களில் நல்ல சராசரி வேண்டும், பெரும்பாலும் ஒரு தீசிஸ் எழுதி வாய்மொழித் தேர்வில் நிற்கவும் வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றித்தான். மேற்படிப்புக்கு உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் லத்தீனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள், தீசிஸைத்தான் உட்கார்ந்து படிப்பார்கள்.

மூன்றாவது, ஹானர்ஸ் காலேஜ் அல்லது ஹானர்ஸ் புரோகிராம். பெரிய பல்கலைக்கழகங்களுக்குள் தனிச் சேர்க்கை, தனி வகுப்புகள் என்று நடப்பது. அதில் இல்லாவிட்டாலும் துறையின் ஹானர்ஸ் பல இடங்களில் கிடைக்கும். "நான் ஹானர்ஸ் காலேஜில் இல்லையே" என்று கடைசி வருஷம் வரை ஒதுங்கியே நின்ற ஒரு மாணவி என் வகுப்பில் இருந்தாள். துறை விதியைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டே நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

எனவே முதல் வாரமே செய்ய வேண்டியது: நீங்கள் சேர்ந்த வருஷத்துக் கேட்டலாகை (பாடங்களும் விதிகளும் அடங்கிய கல்லூரிக் கையேடு) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் வருஷா வருஷம் மாறும். பொதுவாக உங்களுக்குப் பொருந்துவது நீங்கள் சேர்ந்த வருஷத்தின் விதி.

ஜி.பி.ஏ. கணக்கை முதலிலேயே போட்டுப் பாருங்கள்

ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, சி 2.0. முதல் செமஸ்டரில் நாலு பாடம் எடுத்தீர்கள். இரண்டு ஏ, ஒரு பி பிளஸ், கால்குலஸில் ஒரு சி. கூட்டினால் 13.3, சராசரி 3.33-க்குக் கொஞ்சம் கீழே. எல்லாம் போச்சு என்று தோன்றும், ஆனால் போகவில்லை. நாலு வருஷத்தில் ஒரே எடையுள்ள 32 பாடங்கள், இலக்கு 3.7 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 118.4 புள்ளி வேண்டும். மீதி 28 பாடங்களில் சராசரி 3.75-க்குக் கொஞ்சம் மேலே எடுத்தால் எட்டிவிடலாம். கஷ்டம்தான், ஆனால் எட்டாத உயரமில்லை.

அதே ஆள் மூன்றாம் வருஷ முடிவில், 24 பாடம் முடித்து 3.5-இல் நிற்கிறார் என்றால்? கடைசி எட்டுப் பாடங்களில் சராசரி 4.3 வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் 4.0-க்கு மேல் மார்க்கே கிடையாது. அதனால் இந்தக் கணக்கைக் கடைசி வருஷத்தில் போட்டுப் பிரயோஜனமில்லை. மூன்றாவது செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். பாஸ்-ஃபெயில் முறையில் எடுத்த பாடம் ஜி.பி.ஏ.வில் சேராது, ஆனால் சில ஹானர்ஸ் விதிகள் மார்க்கோடு எடுத்த க்ரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு) இத்தனை வேண்டும் என்று கேட்கும். கம்யூனிட்டி காலேஜிலிருந்து (இரண்டு வருஷப் படிப்புக் கல்லூரி) மாறி வந்தவர்கள், இந்தக் கல்லூரியிலேயே எத்தனை க்ரெடிட் முடித்திருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள், மார்க்கைக் காப்பாற்றுவதற்காக ஒரு பாடத்தை விடுவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டேயாக வேண்டும். இளங்கலை மாணவருக்குச் செமஸ்டருக்கு 12 க்ரெடிட் என்பது விசா சட்டம், அனுமதியில்லாமல் அதற்குக் கீழே இறங்கினால் ஹானர்ஸைவிடப் பெரிய தலைவலி வரும்.

சிம்பாலிக் லாஜிக் (வாதங்களைக் குறியீடுகளாக எழுதிச் சோதிக்கும் தர்க்கம்) பாடத்தை இரண்டாம் வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள். பல துறைகளில் அது கட்டாயப் பாடம். நம் பள்ளிகளில் கணக்குப் போட்டுப் பழகிய கைக்கு அது நன்றாக வரும், சரியா தப்பா என்று தீர்மானமான விடை உண்டு. வாரா வாரம் வீட்டுப்பாடத்தைச் செய்யாமல் விட்டவர்கள்தான் அதில் விழுகிறார்கள்.

கட்டுரை: முன்னுரையை வெட்டுங்கள்

மார்க் போகும் இடம் பரீட்சை அல்ல, கட்டுரை. என் முதல் கட்டுரை பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட்டின் கனவு வாதத்தைப் பற்றியது. நாம் இப்போது கனவு காணவில்லை என்பதை எப்படி நிச்சயமாகச் சொல்ல முடியும் என்ற கேள்வி. பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பன்னிரண்டு வருஷம் எழுதிய கை. "மனிதன் தோன்றிய நாள் முதலே உண்மையைத் தேடி அலைந்து கொண்டிருக்கிறான்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். திரும்பி வந்த தாளில் அந்த வாக்கியத்தின் குறுக்கே பென்சில் கோடு, ஓரத்தில் இரண்டே சொல்: "யார் சொன்னது?" முதல் பக்கம் முழுவதையும் வளைத்து ஒரு பெருக்கல் குறி. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் "இங்கே தொடங்கு." மார்க் பி மைனஸ்.

அம்புக்குறி போட்ட இடத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: கனவையும் நனவையும் பிரித்தறிய நிச்சயமான அடையாளம் எதுவும் இல்லை என்று டேகார்ட் சொல்கிறார். ஆனால் அடையாளம் இல்லை என்பதிலிருந்து, இப்போது விழித்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது என்ற முடிவுக்குத் தாவ முடியாது. கட்டுரையில் இருந்த ஒரே சரக்கு அதுதான், அதுவும் ஒன்றரைப் பக்கம் தள்ளிப் புதைந்து கிடந்தது. அடுத்த கட்டுரையிலிருந்து முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவேன்: இன்னாருடைய வாதத்தில் இந்தப் படி நிற்காது, காரணம் இது.

நீளத்தால் யாரும் மயங்குவதில்லை. 1963-இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவவாதி வெளியிட்ட கட்டுரை மூன்றே பக்கம். அறிவு என்பது நியாயமான, உண்மையான நம்பிக்கை என்ற பழைய வரையறையை இரண்டு உதாரணங்களை வைத்து ஆட்டம் காண வைத்துவிட்டது. எந்த அறிமுக வகுப்புக்குப் போனாலும் அதைப் படிக்கச் சொல்வார்கள். படிக்கும்போது கருத்தோடு சேர்த்து அந்தச் சிக்கனத்தையும் கவனியுங்கள்.

அடுத்தது எதிர்வாதம். மார்க்கில் பெரிய வித்தியாசம் செய்வது இதுதான். எதிராளியை மடையனாக்கி அடித்துப் போட்டால் அங்கே யாரும் கைதட்ட மாட்டார்கள். அவர் தானே வந்து சொன்னால் எவ்வளவு பலமாகச் சொல்வாரோ அவ்வளவு பலமாக நீங்கள் எழுத வேண்டும், அதன் பிறகுதான் பதில். இது நமக்குப் புதிதே இல்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருள்நந்தி சிவாச்சாரியார் பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தை முடித்துவிட்டுத்தான் தம் தரப்பான சுபக்கத்துக்கு வருகிறார். உங்கள் கட்டுரையிலும் பரபக்கத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். நான் திருத்திய கட்டுரைகளில் பி-யில் நின்றவை பெரும்பாலும் எதிர்வாதத்தை ஒரே வரியில் முடித்தவைதான்.

மனிதர்களைப் பிடிக்க வேண்டும்

ஒவ்வொரு புரொபசரும் வாரத்தில் சில மணி நேரம் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கு ஆபீஸ் அவர்ஸ் என்று பெயர். நம் பிள்ளைகள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள், தப்பு செய்தவர்களைத்தான் வாத்தியார் தன் அறைக்குக் கூப்பிடுவார் என்று உடம்பில் ஊறியிருக்கிறது. நான் முதல் வருஷம் முழுக்க ஒரு தடவைகூடப் போகவில்லை. இரண்டாம் வருஷம் போனபோது அந்த அறையில் எனக்கு முன்னால் யாருமே இல்லை, பாவம், அவர் தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போகும்போது "பாடம் புரியல சார்" என்று போகாதீர்கள். "நாலாம் பக்கத்தில் இந்த வாக்கியத்துக்கு நான் இப்படிப் பொருள் எடுத்தேன், சரிதானா?" என்று போங்கள். அப்படி மூன்று தடவை போனால் உங்கள் பெயர் அவருக்குத் தெரியும். பின்னால் தீசிஸுக்கு ஆள் தேடும்போதும், சிபாரிசுக் கடிதம் கேட்கும்போதும் இதுதான் முதலீடு.

மூன்றாம் வருஷத்தின் இரண்டாம் செமஸ்டரில், பிப்ரவரி மார்ச்சிலேயே, அட்வைசராக (தீசிஸுக்கு வழிகாட்டும் புரொபசர்) இருக்க முடியுமா என்று ஒருவரைக் கேட்டுவிட வேண்டும். கேட்பதற்கு முன் அடுத்த வருஷம் அவர் ஊரில் இருப்பாரா என்று விசாரியுங்கள். சபாட்டிக்கல் என்று ஒரு வருஷம் விடுப்பில் போய்விடுவார்கள். எனக்கு முதலில் சரி என்றவர் அப்படித்தான் போனார், மே மாதம் இரண்டாவது ஆளைத் தேடி அலைந்தேன். கிடைத்தவர் என் விஷயத்தில் நிபுணர் இல்லை, ஆனால் அனுப்பிய ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே வாரத்தில் படித்துத் திருப்பிக் கொடுத்தார். புகழ் பெற்றவரா, படிக்கிறவரா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் படிக்கிறவரையே பிடியுங்கள்.

தலைப்பைச் சின்னதாக்குவது

நான் என் அட்வைசரிடம் கொண்டுபோன தலைப்பு "மரணத்தின் அர்த்தம்". பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது இருபது வருஷ வேலை, உனக்கு இருப்பது எட்டு மாசம்" என்றார். பிறகு, எதனால் இந்த விஷயம் உன்னை உறுத்துகிறது என்று கேட்டார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். தாத்தா கடைசியாகப் படுத்திருந்தபோது ஊர் வீட்டை விற்க மாட்டோம் என்று அப்பா அவர் கையைப் பிடித்துச் சொன்னார். மூன்று வருஷத்தில் விற்க வேண்டி வந்தது. விற்ற பணத்தில் ஒரு பங்குதான் என் முதல் செமஸ்டர் ஃபீஸ்.

"அப்படியானால் உன் கேள்வி மரணம் இல்லை" என்றார். "வாக்கை மீறியதில் அநியாயம் நடந்தது என்றால், யாருக்கு நடந்தது?"

அதுதான் தீசிஸ் ஆனது. இறந்தவர் இல்லை, இல்லாதவருக்கு எதுவும் கெடுதல் ஆக முடியாது என்பது பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் காலத்திலிருந்து வரும் வாதம். எதிர்ப்பக்கம், மரணம் இறந்தவருக்குக் கெடுதல்தான் என்று தாமஸ் நேகல் என்ற தத்துவவாதி 1970-இல் எழுதியது இருக்கிறது. ஜார்ஜ் பிட்சர் 1984-இல், கெடுதல் நேர்வது உயிரோடு இருந்த அந்த மனிதருக்குத்தான் என்று வாதாடியது இருக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது: வாக்கு மீறல் யாருக்கும் கெடுதல் செய்யாமலேயே அநியாயமாக இருக்க முடியுமா என்ற ஒரு சின்னச் சந்து. ஐம்பது பக்கத்துக்கு அந்தச் சந்து போதும்.

நல்ல தலைப்புக்கு நான் வைத்திருக்கும் சோதனை: யாராவது ஒருவர் சொன்ன ஏதாவது ஒன்றுக்குப் பதிலாக அது இருக்கிறதா? சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன், வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாகத்தான் தம் எம்.ஏ. ஆய்வுரையை எழுதினார். 1908-இல் அது அச்சில் வந்தபோது அவருக்கு இருபது வயது. எதிரே யாருமே இல்லாத தலைப்பு, "காந்தியும் அகிம்சையும்" மாதிரி, பத்துப் பக்கத்தில் சொற்பொழிவாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்து சேகரித்து அதைத் தீசிஸில் போடுகிற யோசனை இருந்தால், ஆய்வு அறநெறிக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். சேகரித்துவிட்டுப் போய்க் கேட்டால் சேகரித்தது வீண்.

எழுதும் வருஷம்

கோடையில் படியுங்கள். ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். உங்கள் விஷயத்தின் கட்டுரையைப் படித்து, அதன் கடைசியிலுள்ள நூற்பட்டியலிலிருந்து எட்டுப் பத்து கட்டுரைகளைப் பொறுக்குங்கள். நாற்பது வேண்டாம். ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வாதத்தை எண் போட்ட நாலைந்து வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஆகஸ்டில் துறைக்கு முன்மொழிவு கொடுக்க வேண்டியிருக்கும், இரண்டு முதல் ஐந்து பக்கம் வரை. தீசிஸ் க்ரெடிட்டுக்குப் பதிவு செய்வது ஒரு வேலை, ஹானர்ஸுக்கு விண்ணப்பிப்பது பல இடங்களில் வேறு ஒரு வேலை. நான் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு துறை அலுவலக அம்மா, "உன் ஃபாரம் எங்கேப்பா?" என்ற தோரணையில் ஒரு மெயில் போட்டதால் பிழைத்தேன். துறை அலுவலகத்தில் இருப்பவர்களிடம் நல்லபடியாக இருங்கள், தேதிகளெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

எழுதும்போது முன்னுரையைக் கடைசிக்கு வைத்துவிட்டு, உங்கள் சொந்த வாதம் வரும் நடு அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். பிறர் சொன்னதைத் தொகுக்கும் அத்தியாயத்தில் தொடங்கியவர்கள் டிசம்பர் வரை அதிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு: பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கெடு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில். மாதிரி எழுத்தாக அனுப்ப அந்த நடு அத்தியாயம் அப்போது தயாராக இருக்க வேண்டும்.

ஏ.ஐ. கருவிகளைப் பற்றி அட்வைசரிடம் நேராகக் கேட்டு, என்ன அனுமதி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டு எழுத்து என்று ஒரு புகார் நிரூபணமானால் ஹானர்ஸ் பேச்சே முடிந்துவிடலாம்.

வாய்மொழித் தேர்வு

மார்ச், ஏப்ரலில் முழுப் பிரதி. பிறகு ஒரு மேஜை, மூன்று பேர், சுமார் ஒரு மணி நேரம். என் தேர்வில் விழுந்த முதல் கேள்வி: "உன் தாத்தாவுக்குப் பதிலாக, கோமாவில் எழவே முடியாமல் படுத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்த வாக்கு என்றால் உன் வாதம் மாறுமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. சமாளிக்கப் பார்த்தேன், இரண்டு வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன். நிறுத்திவிட்டு, "இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மாறாது என்று சொன்னால் மூன்றாம் அத்தியாயத்தில் இன்ன இடத்தைத் திருத்த வேண்டிவரும்" என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் எல்லார் முகமும் தளர்ந்தது. பதிலைவிட, எதை விட்டுக்கொடுத்தால் எது இடியும் என்று உங்களுக்குத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு வாரம் முன்னால் நண்பர்கள் இரண்டு பேரை உட்கார வைத்து ஒத்திகை பாருங்கள். தத்துவம் படிக்காத நண்பர்கள் உத்தமம், அவர்கள்தான் அடிமடியிலேயே கை வைப்பார்கள்.

சங்கங்கள்

நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கான சங்கமான ஃபை பீட்டா கப்பா 1776-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. அதற்கு விண்ணப்பிக்க முடியாது, அவர்களேதான் அழைப்பார்கள். இரண்டாம் மொழித் தேர்ச்சியும், கணிதம், லாஜிக், புள்ளியியல் இவற்றில் கல்லூரி அளவில் ஒரு பாடமும் எதிர்பார்ப்பார்கள். லாஜிக் படித்த உங்களுக்கு அதில் பாதி முடிந்தது. தத்துவத்துக்கென்றே இருப்பது ஃபை சிக்மா டௌ, 1930-இல் பென்சில்வேனியாவின் மூலன்பர்க் கல்லூரியில் பிறந்தது. இவற்றைத் தவிர, பெயரே கேள்விப்படாத ஏதாவது சங்கத்திலிருந்து "நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள், பணம் கட்டுங்கள்" என்று மெயில் வந்தால், துறையில் ஒருவரிடம் காட்டாமல் கார்டை எடுக்காதீர்கள்.

கடைசியாக, பெயர்

பட்டமளிப்பு விழாப் புத்தகத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லையென்றால் பதறாதீர்கள். பல இடங்களில் அது முந்தைய செமஸ்டர் வரையிலான மார்க்கை வைத்து அச்சிடுவது, இறுதி ஹானர்ஸ் கடைசி மார்க்குகள் ஏறிய பிறகு டிரான்ஸ்கிரிப்ட்டில் (மார்க் பட்டியல்) வரும். ஜூனில் ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிடுங்கள். பட்டத்தில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று ஒரு ஃபாரம் வரும், அதை மறக்காமல் நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் பதிவேட்டில் இருப்பது அப்படியே அச்சாகும். அப்பா பெயர் முன்னால் வந்து, உங்கள் பெயர் பின்னால் போய், இனிஷியல் நடுவில் தொங்கும். மேடையில் வாசிப்பவருக்காக ஒரு சீட்டில் உச்சரிப்பை எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அசை அசையாகப் பிரித்து, பெரிய எழுத்தில் எழுதுங்கள். ழகரம் இருந்தால் முதல் நாளே போய் அவரிடம் ஒரு தடவை சொல்லிக் காட்டிவிடுவது நல்லது.